கணிப்பொறியும் புணர்ச்சி இலக்கணமும்

தமிழ்நாட்டரசு 2011-இல் மாணாக்கர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபின் கடலூர், சிதம்பரம் பகுதி வகுப்பறைகளிலும் அக்கருவி புகுந்தது. 1998-இல் தோன்றிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளால் சங்கநூல்களும் அவர்தம் கைக்கு எட்டின. ஆயினும் ஆசிரியருட் சிலர் கணிப்பொறியைப் படங்காட்டுந் திரையாகவே கொள்கின்றனர். சொல் தேடுங் கருவியாகக் கொள்வோரும் அதன் குறையை உணர்ந்திலர்.

'பொன்' எனத் தேடின் 'பொற்குடம்' அகப்படாது. 'கல்' எனின் 'கற்றூண்' மறையும். வேண்டாத 'கல்வி'யும் 'பகல்' என்பதும் வந்து நிற்கும்! புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ்ச் சொல்லடைவில் இவ்விடர் இல்லை. ஆண்டுச் சொற்களைப் பிரித்தோர் புலமையுடையோர். பொறியோ எழுத்து வரிசையை ஒப்புநோக்குவதன்றிச் சொல்லெல்லை அறியாது. இஃதறியாது, தேடிக் கிட்டாமையையே சான்றாக்கி, 'இச்சொல் சங்கநூலில் இல்லை' என முடிபு கூறுங் கட்டுரைகளையும் யாம் கண்டுள்ளோம்.

தேர்விற்கென மனனஞ் செய்து மறக்கப்படும் புணர்ச்சி விதிகள் ஈண்டே பயன்தருவன. ஒரு சொல் அடையுந் திரிபுகள் அனைத்தையும் மாணாக்கர் முதலில் தாளில் எழுதுதல் வேண்டும். பின்னரே தேடுதல் தகும். மின்பதிப்புகளிற் சந்தி பிரித்தனவும் பிரியாதனவும் விரவிக் கிடத்தலின், தேடிய பதிப்பு யாதென்பதனையும் அவர் குறித்தல் வேண்டும்.