கண்ணுக்குத் தெரியாத படம்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே என் மின்னஞ்சல் பெட்டிக்குப் பட்டாசு வந்துவிடுகிறது. 'சிவகாசியிலிருந்து நேரடி விலை, 80 சதவிகிதம் தள்ளுபடி' என்று, சிவகாசியிலேயே குடியிருக்கும் எனக்கு எழுதுகிறார்கள். கொல்லத் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இணைய வர்த்தகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் வாங்கக் கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கடிதங்கள் நிற்கவில்லை.

கதை எழுதுகிறவனுக்கு எதைப் படித்தாலும் குறை கண்டுபிடிக்கும் சுபாவம் உண்டு. அப்படி வந்த ஒரு கடிதத்தைத் திறந்து பிழைகளை எண்ணினேன். 8 வரிகளில் 11 பிழை! இவ்வளவு மட்டமாக எழுதினால் எவன் ஏமாறுவான் என்று, அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"திறந்து பார்த்தீங்களா அண்ணாச்சி? அப்ப அந்த விலாசத்துல ஆள் இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சே!"

பிறகு விளக்கினார். அத்தகைய கடிதத்துக்குள் ஒரு படத்தை ஒளித்து வைப்பார்களாம். அகலம் ஒரு புள்ளி, உயரம் ஒரு புள்ளி, நிறமும் கிடையாது. படம் கடிதத்தோடு வருவதில்லை. அனுப்பியவனுடைய சர்வரில் இருக்கிறது. நாம் கடிதத்தைத் திறந்ததும் நம்முடைய கம்ப்யூட்டரோ போனோ அங்கே போய் அதைக் கேட்டு வாங்குகிறது. விலாசத்துக்கு விலாசம் படத்தின் முகவரியில் தனி எண் இருப்பதால், திறந்தது யார், எத்தனை மணிக்கு என்று அங்கே பதிவாகிவிடும். லட்சக்கணக்கில் விலாசங்களை வைத்திருப்பவனுக்கு, எது செத்தது, எது உயிரோடிருக்கிறது என்று பிரிப்பதுதான் பாடு. உயிருள்ள விலாசத்துக்கு விலை அதிகம். 'இனி அனுப்ப வேண்டாம்' என்று அடியில் இருப்பதை அமுக்கினாலும் இதே கதிதான்.

பதிவுத் தபாலுக்கும் ஒப்புகைச் சீட்டு இருந்தது. ஆனால் தபால்காரர் கேட்டுத்தான் கையெழுத்து வாங்கினார்.

என் விமரிசனம் எவ்வளவு அசட்டுத்தனமானது என்று அப்போதுதான் விளங்கிற்று. நான் சொற்களை எடை போட்டுக்கொண்டிருந்தேன். சொற்களோ வெறும் திரை. தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அச்சிட்டு வளர்ந்த ஊர் எங்களுடையது. படம் என்றால் பார்ப்பதற்கு என்பது எங்களுக்குப் பாலபாடம். பார்க்கப்படாமல் இருப்பதற்கென்றே ஒரு படத்தைச் செய்வார்கள் என்று எங்களில் யாருக்குத் தோன்றியிருக்கும்?

மோசடிக்காரர்களோடு இது நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். கௌரவமான கடைகளும் பத்திரிகைகளும்கூடத் தங்கள் கடிதங்களில் இதே புள்ளியை வைத்து, திறந்தவர்களை எண்ணுகின்றன. எனக்கும் சபலம் இல்லாமலில்லை. என் நாவலை வாங்கியவர்களில் யார் ஐம்பதாம் பக்கத்தில் கொட்டாவி விட்டார்கள், யார் கடைசி அத்தியாயம் வரை வந்தார்கள் என்று தெரிந்துகொள்ள எந்த எழுத்தாளனுக்குத்தான் ஆசையிராது? ஆனால், அவர்களாகச் சொல்லாமல் அது எனக்குத் தெரியக் கூடாது. யாருக்கும் தெரியாமல் பாதியில் மூடிவைக்கிற சுதந்திரம் வாசகருக்கு இருக்கிறது. அதனால்தான், முழுவதும் படித்தேன் என்று அவர் எழுதும் கடிதத்துக்கு மதிப்பு.

பரிகாரங்கள் உண்டு. 2013 டிசம்பரிலிருந்து ஜிமெயில் படங்களைத் தன் சர்வர் வழியாகவே வாங்கித் தருகிறது. அதனால் நாம் இருக்கும் இடம் மறையும்; திறந்தோம் என்பது மறையாது. ஆப்பிள் கம்பெனி 2021-ல் தன் மெயிலில் வேறொரு ஏற்பாடு செய்தது. அதை ஏற்றுக்கொண்டவர்கள் கடிதத்தைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படத்தை முன்கூட்டியே வாங்கிவிடும். அனுப்பியவன் குழம்ப வேண்டியதுதான். இதைவிட எளிய வழி, வெளியிலிருந்து வரும் படங்களைக் காட்டுமுன் நம்மைக் கேட்கும்படி மெயிலின் அமைப்பை மாற்றிவிடுவது.

நான் மாற்றிவிட்டேன். அதில் ஒரு நஷ்டம் உண்டு. நண்பரின் அச்சகத்திலிருந்து புது வருஷக் காலண்டரின் மாதிரி வந்தபோது, முருகன் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம்தான் இருந்தது. நான் அனுமதி கொடுத்த பிறகே மயிலோடு வந்தார். பரவாயில்லை, முருகனே ஆனாலும், கேட்டுக்கொண்டு உள்ளே வருவதுதானே முறை?