கவிதாவின் கோபம்

ஜெலுத்தோங் வீடுகள் பலவற்றில் இப்போது கொரியா நாட்டுத் தொடர்கள் மாலைப்பொழுதைப் பிடித்துக்கொண்டன. குடும்ப பாரத்தினால் கூடமுடியாத காதலர் இருவரைக் கண்டு கண்ணீர் விடும் அன்பர்கள், 1974ஆம் வருஷத்தில் கே. பாலசந்தர் எடுத்த ‘அவள் ஒரு தொடர்கதை’ என்னும் படத்தையும் ஒருமுறை பார்ப்பது நலம்.

தகப்பன் துறவியானான், தமையன் மூர்த்தி குடியனானான், தம்பி ஒருவன் கண்ணிழந்தவன். கவிதாவின் சம்பளத்திலேயே அடுப்பெரிகிறது. அவளுக்காகக் காத்திருந்த திலக்கும் சலித்து, விதவையான அவள் தங்கைபால் மனத்தைத் திருப்புகிறான். அவ்விருவருக்கும் மணம் செய்துவைப்பவள் கவிதாவே.

இவளைத் தியாகத் தெய்வமென்று பூஜிப்போர் படத்தைச் சரியாகப் பார்த்தவரல்லர். சுஜாதா நடித்த கவிதா நாவில் நெருப்புடையவள். சோறிடும்போதே சுடுசொல்லும் இடுகிறாள். உழைக்கும் பெண்ணுக்குக் கோபம் வரலாகாதென்ற பழைய விதியை உடைத்ததே இப்படத்தின் பெருமை. தோட்டத்துக் கிராணியாகிய நான் இத்தகைய பெண்களின் பெயர்களைச் செக்ரோலில் எழுதிவருகிறேன். அவர்கள் கோபத்தை எழுத அதில் இடமில்லை.

முடிவிலேதான் பாலசந்தர் தளர்ந்துவிட்டார். மூர்த்தி திருந்திப் பொறுப்பேற்கிறான். கவிதாவுக்கு மணநாள் வருகிறது. அன்றே அவன் கொலையுண்கிறான். அவள் மீண்டும் வேலைக்குப் புறப்படுகிறாள். இது விதியன்று, கதை கட்டுவோரின் சௌகரியம். உடல்வலுவுள்ள அண்ணன் ஒருவன் உழைத்துக் குடும்பத்தைத் தாங்குவதைக் காட்டியிருந்தால், கொட்டகையிலிருந்த அண்ணன்மார் பலர் நெளிந்திருப்பார்கள். அவளுக்காக அழுதுவிட்டு நிம்மதியாய் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள்.