பெயரும் எண்ணும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் மூதாதையர் தேடலும் தோட்டப்புற நாவல்களும்

மலேசியத் தமிழ் நாவல்களைப் பற்றிய திறனாய்வுகளில் ஒரு குறை திரும்பத் திரும்பச் சுட்டப்பட்டு வந்துள்ளது. தோட்டப்புற நாவல்கள் ஆவணப் பாங்கு மிக்கவை. ஊர்ப்பெயர், தோட்டப்பெயர், கப்பற்பெயர், கங்காணியின் பெயர் என அடுக்கிச் செல்வதால் கதையோட்டம் தடைப்படுகின்றது என்பதே அக்குறை. இதனை முற்றாக மறுப்பது நம் கருத்தன்று. ஆயினும், தம் பாட்டனும் பூட்டனும் எங்கிருந்து வந்தனர் என அறிய முற்படும் வாசகர் ஒருவர் அந்நாவல்களை எவ்வாறு படிக்கின்றார் என்பதை எண்ணிப் பார்த்தால், அப்பெயரடுக்கைக் கலைக்குறை என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இத்தேடலுக்கு இருவேறு தொடக்கங்கள் உள்ளன. ஒன்று பிரிக்ஃபீல்ட்ஸ், இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்ற வந்த யாழ்ப்பாணத் தமிழர் செறிந்து வாழ்ந்த பகுதி. மற்றொன்று கிள்ளானைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்கள். பினாங்கிலோ, 1901இல் திறக்கப்பட்டு 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிய போர்ட் சுவெட்டன்ஹாமிலோ கரையிறங்கிய தமிழ்நாட்டுத் தொழிலாளர் குடியேறிய இடம். மொழி ஒன்றே, சமயமும் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் ஏடுகளில் இவ்விரு சாராரும் பதிவான முறை வேறு.

முன்னவர்க்கு அரசிதழ் உண்டு. ஓர் எழுத்தர் பணியில் அமர்ந்தது, விடுப்பில் சென்றது, ஓய்வு பெற்றது யாவும் அதில் இடம்பெற்றன. யாழ்ப்பாணத்துப் பள்ளிகளின் ஆண்டு மலர்களும் தேவாலயத் திருமுழுக்குப் பதிவுகளும் அதற்குத் துணை நின்றன. எஸ். துரைராஜசிங்கம் 1968இல் வெளியிட்ட, மலாயா, சிங்கப்பூர் வாழ் இலங்கையரின் நூறாண்டு (1867 - 1967) பற்றிய ஆங்கிலத் தொகுப்பு இத்தகைய எழுத்துப் பின்புலத்தில் உருவாகியதே. அதனை வரலாற்று நூல் என்பதைவிட ஒரு சமூகம் தன்னைத் தானே பதிந்துகொண்ட பேரேடு எனலே பொருந்தும். பேரனொருவர் அதைப் புரட்டித் தம் பாட்டனாரைக் கண்டுகொள்ளக்கூடும். எனினும், பணிப்பதிவை அடியொற்றிய எந்தத் தொகுப்பிலும் பணிக்குச் செல்லாத பெண்கள் யாருக்கோ மனைவியாகவும் தாயாகவுமே எஞ்சுகின்றனர். சுருட்டு வணிகரும் சமையற்காரரும் அதே கப்பல்களில்தான் வந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

தோட்டத் தொழிலாளரின் நிலை வேறு. 1907இல் தமிழர் குடிநுழைவு நிதி ஏற்படுத்தப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்றது. கங்காணி வழி ஆள் சேர்ப்பு தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. நாகப்பட்டினம், ஆவடி முகாம்களின் வழியே வந்தோர் ஆண்டறிக்கைகளில் ஆண், பெண், சிறார் என்ற தொகைகளாகக் காட்சியளிக்கின்றனர். கே. எஸ். சந்து 1969இல் வெளியிட்ட ஆய்வு நூலின் அட்டவணைகள் இத்தகைய தொகைகளிலிருந்தே எழுந்தவை. அவ்வட்டவணைகளின்றி நம் சமூக வரலாறே இல்லை; ஆனால் அவற்றில் யாரும் தம் பாட்டியைக் கண்டுபிடிக்க முடியாது.

நேட்டாலை ஒப்புநோக்குக. 1860 முதல் 1911 வரை அங்குச் சென்ற 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர்க்கும் கப்பற்பட்டியல் உண்டு. எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம் என ஒவ்வொருவரும் வரியாகப் பதியப்பட்டனர். மொரீஷியசின் மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ள பதிவேடுகளில் நிழற்படங்களும் உள்ளன. அப்பதிவுகள் அன்பினால் செய்யப்பட்டவையல்ல. தப்பியோடுவோரைப் பிடிப்பதற்கும் அவை பயன்பட்டன. மலாயா வந்தோருள் மிகப்பெரும்பாலோர் கங்காணி முறையிலோ தம் செலவிலோ வந்தமையால், அத்தகைய ஒரே தொடரான பட்டியலில் அவர்களைத் தேடுவதற்கில்லை. ஒப்பந்தத்தின் கொடுமைக்குள் அகப்பட்டவன் பெயர் மிஞ்சியது. அதினின்று ஓரளவு விலகி வந்தவன் பெயர் தேய்ந்தது.

தோட்டத்தில் பெயர் இல்லாமலில்லை. விடியற்காலைப் பெரட்டில் கிராணி கூப்பிட்ட செக்ரோல் ஏட்டில் ஒவ்வொருவர் பெயரும் இருந்தது. பால்வெட்டுக்குச் சென்ற பெண்ணின் பெயரும் தனிவரியாக அதில் இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் எழுத்தரின் மனைவிக்குக் கிட்டாத அந்த வரி தோட்டத்துப் பெண்ணுக்குக் கிட்டியது என்பது கருதத்தக்கது. ஆனால் செக்ரோல் நிறுவனத்தின் உடைமை, பொது ஆவணமன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் போனபோது அவ்வேடுகளுக்காகக் குரல் கொடுப்பார் இலர். கிடைத்தாலும் இடர் தீராது. தந்தை பெயர் தலைமுறைதோறும் மாறுவதால் குடும்பப்பெயர் வழித் தேடல் நமக்கு உதவாது. ஒரே முனுசாமி மூன்று ஏடுகளில் மூன்று உரோமன் எழுத்துக்கூட்டல்களில் வருவார்.

புலம்பெயர்ந்தோர் வழித்தோன்றல்கள் மிகுந்த ஐரிஷ் மக்களின் நிலை இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கது. 1922இல் டப்ளின் பொது ஆவணக் களஞ்சியம் எரிந்தபோது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிக் குடிக்கணக்கு ஏடுகளில் பெரும்பாலானவை அழிந்தன; பிற்பகுதிக்குரியவற்றை அரசே முன்னர் அழித்திருந்தது. முழுமையாக எஞ்சியவை 1901, 1911ஆம் ஆண்டுக்குரியவையே. ஆகவே அவர்கள் நிலவரிக்காகச் செய்யப்பட்ட கிரிஃபித் மதிப்பீட்டைக் குடிக்கணக்கிற்கு மாற்றாகக் கொண்டு தேடுகின்றனர். வேறு நோக்கில் எழுதப்பட்ட ஏட்டில் உறவைத் தேடும் இம்முறை நமக்கும் உரியதே. நமக்குரிய மாற்று ஏடுகள் மொய்க் கணக்கு, கோயில் நன்கொடைப் பலகை, கருமாதிப் பத்திரிகை ஆகியன. பூட்டன் பெயரை மறந்த குடும்பமும் குலதெய்வம் உறையும் ஊரை மறப்பதில்லை. கங்காணி பெரும்பாலும் தன் ஊரிலும் உறவிலும் ஆள் திரட்டியமையால், கங்காணியின் ஊர் தெரிந்தால் பாதி வழி தெரிந்தது போலாகும்.

இனி நாவலுக்கு வருவோம். ரவீந்திர ஜெயின் 1970இல் வெளியிட்ட தோட்டத் தமிழர் பற்றிய மானிடவியல் நூல் உறவுமுறைகளை மிக நுணுக்கமாக ஆராய்வது. அதில் ஆராயப்படும் தோட்டத்தின் பெயர் ‘பால் மெலாயு’, அது புனைபெயர். ஆய்வறம் அதனை வேண்டிற்று, குறை கூறுவதற்கில்லை. மாறாக, அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ தலைப்பிலேயே சிலாங்கூரின் ஓர் ஆற்றை மெய்ப்பெயரால் சுட்டுகின்றது. ஆய்வு நூல் பெயரை மறைக்க, கற்பனை நூல் பெயரை வெளியிடுகின்றது. திறனாய்வாளர் தடை என்று கண்ட பெயரடுக்கு, தேடிவரும் வாசகர்க்கு வழிகாட்டிப் பலகையாகின்றது.

சயாம் இரயில்பாதையை எழுதிய நாவல்களில் இது இன்னும் கூர்மையாகப் புலப்படும். 1942 - 43இல் அப்பாதையில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரி முதலிய இடங்களில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்று மாண்ட தமிழர்க்கு அவ்வாறான பெயர்க்கற்கள் இல்லை. எத்தனை பேர் என்பதில்கூடக் கணக்குகள் பெரிதும் வேறுபடுகின்றன. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகியவற்றை இப்பின்னணியில் படிக்குங்கால் மாந்தர்க்குப் பெயரிடுதல் என்ற எளிய செயலே கனம் பெறுகின்றது. ‘நினைவுச் சின்னம்’ என்னும் தலைப்பு தன் பணியைத் தானே கூறிவிடுகின்றது.

இதனால் நாவலை ஆவணமாகக் கொள்ளலாம் என்று கூறுவது பிழையாகும். நாவல் மாந்தர் பலரின் சாயலைத் தாங்கியவர். அவரைத் தம் பாட்டனாகக் கொள்வது அன்பின் மிகுதியால் விளையும் மயக்கம். அரசு அலுவலகங்களும் அதனை ஏலா. இந்திய அரசு 2005இல் அறிமுகப்படுத்திய வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் திட்டம் பூர்விகத்திற்கு எழுத்துச் சான்று கேட்கின்றது. மலேசியாவிலோ பிறப்புச் சான்றிதழ் இன்மையால் குடியுரிமை பெற இயலாது தவிக்கும் தோட்டப்புறக் குடும்பத்தினர் உளர். அவர்களிடம் ஒரு நாவலை நீட்டுவது கொடுமையான வேடிக்கையாகும். நாவல் தரக்கூடியது சான்றன்று; எந்தத் தோட்டத்தை, எந்த ஆற்றங்கரையை, எந்த ஆண்டைத் தேட வேண்டும் என்னும் குறிப்பே. அக்குறிப்போடு முன்னர் ஜாலான் டூத்தா எனப்பட்ட சாலையில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தையோ சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தையோ நாடுவோர்க்குப் பயன் உண்டு.

அவ்வாறாயின் அந்நாவல்களைப் பதிப்பிக்கும் முறையும் மாறுதல் வேண்டும். மறுபதிப்புகளில் அணிந்துரைகள் பெருகுகின்றன. இடப்பெயர் அடைவு காணப்படுவதரிது. தோட்டங்களின் பழைய பெயரும் இன்றைய வீடமைப்புப் பகுதியின் பெயரும் அருகருகே அமைந்த நான்கு பக்க அட்டவணை ஒன்று நூலின் இறுதியில் இருப்பின், கிள்ளானில் இருந்து வரும் வாசகர் முதலில் புரட்டுவது அப்பக்கங்களாகவே இருக்கும்.