காட்டுயிர் ஒளிப்படமும் காப்புணர்வும்

காட்டு விலங்குகளைக் காத்தற்கு ஒளிப்படக் கலை பெருந்துணை புரியும் என்பது பலரும் ஒப்புக்கொண்ட கருத்தாகும். கண்டறியாத ஒன்றன்மீது மக்களுக்குப் பற்று உண்டாதல் அரிது. படம் அதனைக் கண்முன் நிறுத்துகின்றது. கண்டார் உள்ளத்தில் இரக்கம் பிறக்கின்றது. அவ்விரக்கமே காப்புணர்வாக வளர்கின்றது என்பர். இக்கூற்றுப் பொய்யன்று, ஆயினும் எத்தகைய படம் காப்புக்கு உதவும் என்னும் வினாவுக்கு இஃது விடை தருவதில்லை. இந்தியக் காடுகளிற் பணிபுரிந்த இருவரின் படங்களை ஒப்புநோக்குவார்க்கு அவ்விடை ஒருவாறு புலனாகும்.

முதல்வர் எவ். டபிள்யூ. சம்பியன். ஆங்கிலேயர் ஆட்சியில் ஐக்கிய மாகாணத்து வன அதிகாரியாக விளங்கிய இவர், புலியைச் சுட்டு வீழ்த்துதலே ஆண்மை எனக் கருதப்பட்ட காலத்திற் கமராவைக் கையிலெடுத்தார். விலங்கு நடக்குந் தடத்திற் கம்பியொன்றை மறைத்துக் கட்டிவைப்பார். இரவில் அவ்வழி வரும் புலியின் கால் கம்பியிற் பட்டதும் ஒளி பளிச்சிடும், படம் பதிவாகும். இங்ஙனம் பெற்ற படங்களை, 'புலி நாட்டிற் கமராவுடன்' எனப் பொருள்படும் தலைப்பிட்டு 1927 ஆம் ஆண்டில் ஆங்கில நூலாக வெளியிட்டார். வேட்டையிற் பெயர்பெற்ற ஜிம் கொர்பெற் துப்பாக்கியை விடுத்துக் கமராவை நாடுதற்கு இவர் முயற்சி தூண்டுகோலாயிற்று.

சம்பியனின் படங்களுக்கு வேறொரு பயனும் உண்டு. ஒரு புலியின் வரிகள் மற்றொன்றன் வரிகளை ஒவ்வா என்பதை அவர் தம் படங்களிற் கண்டுகொண்டார். அவ்வுண்மையின் மதிப்பு நெடுங்காலத்தின் பின்னரே விளங்கியது. இராசத்தான் மாநிலத்துச் சரிஸ்காக் காட்டில் ஒரு புலியேனும் எஞ்சவில்லை என்பது 2005 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அதற்குச் சற்று முன்வரை, அடிச்சுவடு கொண்டு எண்ணிய கணக்கேடுகள் அங்கே புலிகள் உளவென்றே கூறின. பின்னர்ப் படமே சான்றாயிற்று. 2018 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவெங்கும் 26,838 இடங்களில் தானியங்கிக் கமராக்கள் வைக்கப்பட்டன. கிடைத்த 3 கோடியே 48 இலட்சத்துக்கு மேற்பட்ட படங்களிற் புலிப் படங்கள் 76,651. அவற்றின் வரிகளை ஒப்பிட்டு 2,461 புலிகள் வேறுபிரித்து அறியப்பட்டன. அழகு கருதி எடுக்கப்படாத இப்படங்கள், இல்லாத புலியை ஏட்டில் வாழவைக்கும் பிழைக்கு இடமளியாது காக்கின்றன.

எனினும் சம்பியனின் இரவுப் படங்களில் ஒரு குறை உண்டு. ஒளி புலிமீது வீழ்கிறது. அதனைச் சூழ்ந்த காடு இருளில் மறைகிறது. அது நீருண்ணும் ஓடையும், அதற்கு இரையாகும் மானும், அம்மான் மேயும் புல்லும் பார்ப்பவர்க்குத் தெரிவதில்லை. புலியை வியப்பவர், காட்டை அழித்தால் புலியும் அழியும் என்பதை அப்படத்திலிருந்து உணர்தல் இயலாது.

இக்குறையை நிறைவு செய்தவர் மா. கிருஷ்ணன். பத்மாவதி சரித்திரம் இயற்றிய அ. மாதவையாவின் மைந்தராகிய இவர் 1912 ஆம் ஆண்டிற் பிறந்து 1996 ஆம் ஆண்டில் மறைந்தார். வெவ்வேறு உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்த பாரமான கமராவைச் சுமந்து, நடந்தும் யானைமீது இவர்ந்தும் காடுகளிற் படமெடுத்தார். இறுதிவரை கருப்பு வெள்ளைப் படத்தையே கைக்கொண்டார். இயற்கை வரலாற்றுக்குச் சான்றாதலே படத்தின் முதற்கடன் என்பது அவர் பணியால் விளங்கும். ஒரு நாட்டின் விலங்கும் மரமும் செடியும் சேர்ந்தே காக்கப்படல் வேண்டும், அயல்நாட்டு மரங்களை நட்டு அவ்வியல்பைக் குலைத்தலாகாது என்று அவர் வலியுறுத்தினார். 'ஸ்ரேற்ஸ்மன்' இதழில் 1950 ஆம் ஆண்டு தொடங்கி மறையும்வரை 46 ஆண்டுகள் எழுதிய பத்தியில் எழுத்தும் படமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

கிருஷ்ணனின் நெறிக்கும் எல்லை உண்டு. நிறம் நீங்கிய அவர் படங்கள் பார்த்த மாத்திரத்தே பொதுமக்களை ஈர்ப்பன அல்ல; எழுத்தின் துணையும் வாசிப்பவரின் பொறுமையும் அவற்றுக்கு வேண்டும். பலரை விரைந்து ஈர்க்கும் வண்ணப் படத்தின் பணியை எளிதில் ஒதுக்கிவிடல் தகாது. ஆயினும் அவ்வீர்ப்பே இன்று கேடும் விளைக்கின்றது. கூட்டிலிருக்கும் குஞ்சு நன்கு தெரியவேண்டி மறைத்து நிற்குங் கிளையை ஒடிப்பாருளர். இரைகாட்டிப் பறவையை அழைப்பாருளர். ஈழத்து யால வனத்தில் ஒரு சிறுத்தை வெளிப்பட்டதும் ஊர்திகள் பல அதனை நெருங்கி வழிமறித்து நிற்றல் பலரும் அறிந்ததே. இங்ஙனம் பெற்ற படம் எத்துணை அழகியதாயினும், அது காக்கவந்த உயிருக்கே இடையூறாய் முடிகின்றது.

ஆதலின் காட்டுயிர்ப் படத்தை மதிப்பிடுவோர் அழகை நோக்குமுன் மூன்றனை வினவுதல் வேண்டும். படமெடுத்தபின் அவ்வுயிர் முன்போல் அச்சமின்றித் தன்வழிச் சென்றதா? அது வாழும் நிலம் படத்திலேனும் உடன்வரும் எழுத்திலேனும் உணர்த்தப்பட்டதா? படத்தின் கீழ்க் கூறப்பட்டது மெய்யா? இம்மூன்றுக்கும் ஆம் என விடைதரும் படமே பார்ப்பவரின் இரக்கத்தை அறிவொடு கூடிய காப்பாக மாற்றவல்லது.