தீர்ப்பு உரைத்ததும் உரைக்காததும்

சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் சுஷ்மா வழக்கில் பிறப்பித்த ஆணை, தன்பாலீர்ப்புடைய மாணவரைக் கல்லூரிகள் ஏற்கும் முறை பற்றியும் பேசுகிறது. சட்ட ஆவணம் என்ற அளவில் அதனைப் பலர் பாராட்டியுள்ளனர். கல்வி நிலையங்களுக்கு வழிகாட்டும் எழுத்தாக அதனை மதிப்பிடுவதே இங்கு நம் நோக்கம்.

ஒருவரையொருவர் நேசித்த இரு இளம்பெண்கள், வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையை விட்டுச் சென்னைக்கு வந்தனர். பெற்றோர் காவல்துறையில் புகார் செய்யவே, அவர்கள் நீதிமன்றத்தை நாடினர். இப்பொருளில் தமக்கு முன்முடிவுகள் இருந்ததை நீதிபதி வெளிப்படையாக எழுதினார். உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்ற பின்னரே ஆணை பிறப்பித்தார். அறியாததைக் கற்றபின் பேசும் இப்பண்பு ஆசிரியராகிய நமக்கு முன்மாதிரி. இதுவே இவ்வெழுத்தின் தலையாய சிறப்பு.

கல்லூரிகளுக்கென அது கூறும் வழிமுறைகள் சில: பெற்றோர்-ஆசிரியர் கழகத்தின் வாயிலாகப் பெற்றோருக்கு அறிவூட்டுதல், பால் பேதமற்ற கழிவறை அமைத்தல், விண்ணப்பப் படிவத்தில் திருநருக்கு இடமளித்தல், புரிதலுள்ள ஆலோசகரை நியமித்தல். இவை யாவும் வேண்டியவையே. ஆயினும் கழிவறையும் படிவமும் பெரும்பாலும் திருநர் மாணவர்க்கே பயன்படுவன. தன்பாலீர்ப்புடைய மாணவன் படிவத்தில் ஆண் என்றே எழுதுகிறான். அவனுக்கு முதலில் வேண்டுவது, நம்பிச் சொன்ன செய்தி வீடு போய்ச் சேராது என்னும் உறுதி. மாணவரின் இசைவின்றி அவரைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிவிக்கலாகாது என்னும் விதி அப்பட்டியலில் இல்லை. இதுவே நாம் காணும் குறை.

உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூர்களிலிருந்து காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் பேருந்தில் சென்று படிப்போரை எண்ணிப் பாருங்கள். உடன் பயில்பவன் அதே பேருந்தில் ஊர் திரும்புகிறான். பேராசிரியர் ஒருவர் நல்லெண்ணத்தோடு தந்தையை அழைத்துப் பேசிவிட்டால், படிப்பு நின்றுவிடலாம். அவசரத் திருமணமும் நிகழலாம். ‘குணப்படுத்தும்’ சிகிச்சைக்கும் அனுப்பப்படலாம். அத்தகைய சிகிச்சையை இவ்வாணை தடுத்தது. தேசிய மருத்துவ ஆணையமும் 2022இல் அதனைத் தொழில் ஒழுங்கீனம் என அறிவித்தது.

இவ்வச்சம் வெறுங்கற்பனையன்று. 2025 மே மாதம் இதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஓர் ஆட்கொணர்வு வழக்கில் தீர்ப்பளித்தது. 25 வயதுப் பெண்ணொருவரைத் தோழியிடமிருந்து பிரித்துப் பெற்றோருடன் அனுப்பியவர்கள் காவலரே. வீட்டார் அவரை அவர் விருப்பத்திற்கு மாறாகத் தடுத்து வைத்திருந்தனர். வயது வந்த பெண்ணின் நிலையே இதுவாயின், வீட்டாரின் பொருளுதவியால் பயிலும் மாணவனின் நிலை யாது?

விதிகள் அறவே இல்லை என்றும் கூற இயலாது. பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் தன் பகடிவதைத் தடை விதிகளைத் திருத்தி, பாலியல் நாட்டத்தை முன்னிட்டுத் துன்புறுத்துவதும் ஒதுக்குவதும் பகடிவதையே என வரையறுத்தது. அதனை அறிந்த மாணவர் எத்துணைப் பேர்? பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூர்ச் சபையார் தங்கள் தேர்தல் விதிகளை ஊரார் காணக் கல்லில் பொறித்தனர். நம் கல்லூரிகள் ஓர் அறிவிப்புப் பலகையிலேனும் இவ்விதியை எழுதி வைக்கலாகாதா?

திருமறைப் பகுதிகளை இப்பொருளில் எங்ஙனம் விளக்குவது என்பதில் திருச்சபைகளிடையே ஒருமனப்பாடு இல்லை. அவ்விவாதம் இன்னும் நீளும். ஆனால் நம்பி உரைத்ததைக் காத்தல் ஆயர் பணியின் பழமையான கடமை. விவாதம் முடியும்வரை அதனை ஒத்திவைக்க வேண்டுவதில்லை. ஆணை எழுதாது விட்ட அவ்வொரு வரியை நம் கல்லூரிகளும் விடுதிகளும் தங்கள் விதிகளில் தாமே எழுதிக்கொள்ளட்டும். அதன் பின்னரே ஆலோசகரின் கதவை ஒரு மாணவன் துணிந்து தட்டுவான்.