எழுத்தை மறைத்தால் என்ன மிஞ்சும்?

ரஞ்சன்குடிக் கோட்டையைச் சித்திரக்கதையின் ஒரு கட்டத்துக்குள் வரைவதாக வைத்துக்கொள்வோம். பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பலரும் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கும் கோட்டைதான். செதுக்கிய கல் மதில், அரைவட்டமாகப் பிதுங்கும் கொத்தளங்கள், அகழி, மூன்று நிலைகளில் ஏறிப்போகும் சுவர்கள். கீழே பேட்டை, உச்சியில் கோட்டைமேடு. கட்டத்தின் முன்பகுதியில் சிப்பாய்களின் முதுகுகள் தெரிகின்றன. தூரத்தில் கொஞ்சம் புகை. கொடி எதுவும் வேண்டாம். இனி படத்தில் ஒரு கோடுகூட மாற்றாமல், எழுத்தை மட்டும் மூன்று விதமாக வைத்துப் பார்க்கலாம்.

முதலில், மேல்மூலையில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் 1751 என்ற எண் மட்டும். கர்நாடக நவாப் பதவிக்காகச் சந்தா சாகிப்பும் முகமது அலியும் மோதிக்கொண்டிருந்த வருஷம். முன்னவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை, பின்னவருக்கு ஆங்கிலேயர் துணை. வாலிகொண்டா போர் என்று சரித்திரத்தில் படிப்பது இந்தக் கோட்டையை ஒட்டி நடந்ததுதான். இது தெரிந்தவருக்கு நான்கு இலக்கம் போதும். தெரியாதவருக்கு அது ஏதோ ஒரு பழைய காலம், அவ்வளவே.

இரண்டாவது, மதிலுக்கு உள்ளேயிருந்து கிளம்பும் ஒரு பலூன். அதில் நானாக ஒரு வசனம் எழுதிப் பார்க்கிறேன்: "யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கதவைத் திறப்போம்." சிப்பாய்களுக்குப் பின்னால் நின்றிருந்த வாசகர் சட்டென்று மதிலைத் தாண்டி உள்ளே போய்விடுகிறார். படம் அப்படியே இருக்க, பார்க்கிற இடம் மட்டும் மாறிவிடுகிறது. மூன்றாவது, படத்தின் அடியில் ஒரு பட்டை: "கோட்டைக்கு முன்னால் படை வந்து நின்றது. தூரத்தில் புகை எழுந்தது." கண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்ததை இது வரிகளில் திரும்பச் சொல்கிறது.

மூன்றில் எது நல்ல காமிக்ஸ் என்று கேட்டால், இன்று இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தவர் எவரும் இரண்டாவதைக் காட்டுவார், மூன்றாவதைத் தள்ளுவார். படம் சொன்னதை எழுத்து திரும்பச் சொல்லக்கூடாது என்பது அடிப்படை விதியாகவே ஆகிவிட்டது. ஆனால் அந்த விதியை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால், மூன்று தலைமுறை விழுந்து விழுந்து படித்ததில் பெரும்பகுதியைக் கழித்துவிட நேரும். அதனால் படைப்புகளை எடைபோடுவதற்கு முன்னால் விதியைக் கொஞ்சம் எடைபோட வேண்டும்.

பிரெஞ்சு விமர்சகர் ரோலண்ட் பார்த் 1964இல் எழுதிய ஒரு கட்டுரையில், படத்தோடு வரும் எழுத்துக்கு இரண்டு வேலை சொன்னார். பல பொருள்களுக்கு இடம்கொடுக்கும் படத்தை ஒரே பொருளில் கட்டிப்போடுவது ஒன்று. படத்தில் இல்லாததைச் சேர்த்துக் கதையை நகர்த்துவது மற்றொன்று. காமிக்ஸில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான் என்றார் அவர். அமெரிக்க ஓவியரான ஸ்காட் மெக்ளவுட் 1993இல் வந்த புத்தகத்தில் இதை ஏழு வகையாக விரித்தார்: எழுத்து மேலோங்குவது, படம் மேலோங்குவது, இரண்டும் ஒன்றையே சொல்வது என்று தொடங்கி, ஒன்றில்லாமல் மற்றொன்று நிற்காத நிலை வரை. பாடம் நடத்த வசதியான பட்டியல். ஆனால் அது ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகப் பிடுங்கி வகைப்படுத்துகிறது. வாசகர் அப்படிப் படிப்பதில்லை. போன கட்டத்தில் தின்றது இந்தக் கட்டத்தில்தான் செரிக்கிறது.

ஆகவே எளிய சோதனை ஒன்றை வைத்துக்கொள்கிறேன். ஒரு கதையின் எழுத்தையெல்லாம் கையால் மறைத்துப் படிக்க வேண்டும். பிறகு படத்தையெல்லாம் மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் படிக்க வேண்டும். இரண்டு தடவையும் எது காணாமல் போகிறது என்று கேட்க வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் மதிப்பெண் போடுவதைவிட இது நேர்மையான கணக்கு.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதும் அல்ல. அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரத்தில் சண்டேசுவரருக்குச் சிவன் மாலை சூட்டும் சிற்பம் இருக்கிறது. குனிந்து கும்பிடுபவர் அடியார்தானா, அந்தச் சாக்கில் ராஜேந்திர சோழனே தனக்கு முடிசூட்டிக்கொள்கிறானா என்று இன்றும் பேசுகிறார்கள். படம் வாய் திறக்காததால்தான் அந்தப் பேச்சுக்கே இடம். அடுத்த நூற்றாண்டில் தாராசுரத்தில் அறுபத்துமூவர் கதைகளைச் சின்னச் சின்னப் பலகைகளில் செதுக்கியவர்கள், எது எவர் கதை என்று எழுத்தும் பொறித்தார்கள். அங்கே கேள்விக்கு இடமில்லை. எழுத்து படத்தைக் கட்டிவிட்டது. திருவாரூர் தேவாசிரிய மண்டபத்தில் முசுகுந்தன் கதையை வரிசை வரிசையாகத் தீட்டிய நாயக்கர், மராத்தியர் காலத்து ஓவியத்தில் தமிழ் விளக்க வரிகள் கூடவே ஓடுகின்றன. பெயர் எழுதாத சிற்பம் பெயர் எழுதியதைவிட உயர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் வந்துபோகிறவர்கள் வேறு, தேவை வேறு.

படத்தை எழுத்தால் கட்டிவிடும் அந்தத் தேவைதான் பாரதியை 1906க்குப் பிறகு 'இந்தியா' பத்திரிகையின் கருத்துப்படங்களோடு விளக்கத்தையும் அச்சிட வைத்திருக்க வேண்டும். படம் பார்த்து அரசியல் படித்துப் பழகாத வாசகர்கள் அவர்கள். இப்போது 'கன்னித்தீவு'க்கு வருவோம். 'தினத்தந்தி'யில் 1960இல் தொடங்கி, இழுத்துக்கொண்டே போகும் எதற்கும் உவமையாகிவிட்ட சிந்துபாத் கதை. இதில் படத்தை மறைத்தாலும் கதை நிற்காமல் ஓடும். எழுத்தை மறைத்தால் மந்திரவாதி யாரை எதற்குத் துரத்துகிறான் என்று புரியாது. என் சோதனையில் இது தேறாது. காமிக்ஸாகப் பார்த்தால் இது பலவீனம்தான். ஆனால் ஒரு நாளைக்குச் சில கட்டங்கள் மட்டுமே வரும் தொடரில் நேற்று விட்டதை இன்று சொல்லியாக வேண்டும். தேநீர்க்கடையில் ஒருவர் சத்தமாகப் படிக்க, எட்டிப் பார்க்க முடியாதவர் காதால் கேட்டார். எழுத்துக்கூட்டிப் படித்தவர் படத்தைப் பார்த்துத் தான் படித்தது சரிதானா என்று உறுதிசெய்துகொண்டார். இந்த இடத்தில் சொன்னதைத் திரும்பச் சொல்வது சோம்பலால் வந்ததல்ல. முழுசாக உட்கார்ந்து வாசிக்கிற புத்தகத்துக்கான அளவுகோலை நாளிதழ்த் துண்டின் மேல் வைப்பது நியாயமில்லை.

அமர் சித்திரக் கதைக்கு அந்தச் சலுகை கிடையாது. அனந்த் பை 1967இல் தொடங்கிய வரிசை, தமிழிலும் வந்தது, முழுக்கதையும் ஒரே புத்தகத்தில் முடியும். நேற்றைய நினைவூட்டலுக்கு அங்கே தேவையே இல்லை. இருந்தும் மேலே ஒரு பெட்டி, கோபம் கொண்ட அரசன் வாளை உருவினான் என்பதுபோல் ஏதாவது சொல்லும். கீழே கோபமான அரசன் வாளை உருவிக்கொண்டிருப்பான். மேலோட்டமாகப் பார்த்தால் எழுத்தும் படமும் ஒன்றையே சொல்வதுபோல இருக்கும். எனக்கு உறுத்துவது வேறு. எழுத்து எங்கும் சொல்லாத ஒன்றை நிறம் சொல்லிக்கொண்டே போகிறது. நாயகர்கள் வெளுப்பு, அல்லது தெய்வ நீலம். அசுரர்களும் அடியாட்களும் கறுப்பு, பெருத்த உதடு. எழுத்தை மறைத்துவிட்டுப் பாருங்கள், யாரை வெறுக்க வேண்டும் என்பது தோலிலேயே தெரிந்துவிடும். எழுதினால் ஆசிரியருக்கே கூச்சமாக இருக்கும் ஒன்றை, படம் கூச்சமின்றிச் சொல்லிவிட்டது. சொன்னதைத் திரும்பச் சொல்லாதே என்ற விதி இதைப் பிடிக்கவே பிடிக்காது. மறைத்துப் பார்க்கும் சோதனை பிடித்துவிடுகிறது.

இனி என் தராசில் அதிகம் எடை காட்டுவது. 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனின் 'வேலியண்ட்' வாரப் பத்திரிகையில் 1962 முதல் வந்த கதை. படம் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வக உதவியாளன் லூயிஸ் கிராண்டலுக்கு வலது கை கிடையாது, எஃகுக் கை பொருத்தியிருக்கிறான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துபோகும், எஃகுக் கை மட்டும் தெரியும். முதலில் குற்றவாளி, பிறகு அரசாங்க உளவாளி. சிறுவர்களுக்கான அதிசயக் கதை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்த ஒரே அதிசயத்தால் காமிக்ஸின் அடிப்படைக் கேள்வியே கதைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

மறைந்த நாயகனை ஓவியர் எப்படி வரைவார்? வரைய முடியாது. வெற்று அறை, ஒரு மேஜை, காற்றில் தொங்கும் கை. அந்தக் கைக்கு ஒரு முழம் மேலே, ஒன்றுமில்லாத இடத்தை நோக்கி வால் நீட்டிய பலூன். அந்த வால் சுட்டும் வெற்றிடத்தில்தான் தலை இருக்கிறது என்று நாம் நம்புகிறோம். எழுத்தை மறைத்தால் அறையில் ஆள் இல்லை. யாரோ கழற்றிப் போட்ட இயந்திரக் கை மட்டும் திரிகிறது. படத்தை மறைத்தால் வீரமாகப் பேசும் ஒரு குரல் கேட்கிறது. அவன் எங்கே நிற்கிறான், எவ்வளவு நெருங்கிவிட்டான் என்ற பயம் போய்விடுகிறது. காவலாளியின் கழுத்துக்குப் பின்னால் கை வருகிறது. அது அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். மின்சாரம் தீர்ந்து உடல் திரும்பப்போகிறதே என்ற பதைப்பைச் சிந்தனை பலூன் சொல்கிறது. படம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. எழுத்து ஒரு அடி முன்னால், படம் ஒரு அடி பின்னால். அந்த இடைவெளியில்தான் திகில் இருக்கிறது. உரைநடைக் கதையோ திரைப்படமோ இதை இதே வழியில் செய்ய முடியாது. ஒன்றில் வெற்றிடத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, மற்றொன்றில் பலூன் கிடையாது.

குறைகளும் உண்டு. வாரப் பத்திரிகைக்காகத் துண்டு துண்டாக எழுதிய கதை. சேர்த்துப் புத்தகமாக்கும்போது போன வாரத்து நினைவூட்டல்கள் நடுவே துருத்திக்கொண்டு நிற்கும். 'கன்னித்தீவு'க்கு நான் கொடுத்த சலுகை இங்கே செல்லாது.

தமிழாக்கத்தின் பங்கை இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். ஆங்கில வசனத்துக்கோ இத்தாலிய வசனத்துக்கோ அளவெடுத்து வரைந்த பலூனுக்குள் தமிழ் வாக்கியம் சும்மா நுழையாது. எழுத்தைப் பொடியாக்க வேண்டும், இல்லையென்றால் வசனத்தைச் சுருக்க வேண்டும். 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸிலும் முத்துவிலும் சுருக்கத் தெரிந்த கைகள் இருந்தன. லக்கி லூக் தமிழில் சிரிக்க வைப்பதற்கு அந்தக் கைதான் காரணம். பொடியாக்கிய இடங்களிலோ பலூன் நெரிசலாகி, கண் படத்துக்கு வராமல் எழுத்திலேயே மாட்டிக்கொள்கிறது. இன்னொன்று சத்தம். டமார், படார், தொம், விர்ர் என்று ஒலிக்குறிப்புக்குப் பஞ்சமே இல்லாத மொழி நம்முடையது. காமிக்ஸில் எழுத்தே படமாகிவிடும் இடமும் இதுதான்: வெடியின் அளவுக்கு எழுத்து பெரிதாகும், குதிரையின் திசைக்கு எழுத்து சாயும். அந்த இடத்தில் மூல மொழியின் சத்தத்தை அப்படியே விட்டுவிடுவதும், தட்டையான கணினி எழுத்துருவில் ஒரு 'டுமீல்' ஒட்டுவதும் தோல்விதான். கையில் இருந்த பெரிய பலத்தை நாம் குறைவாகவே செலவழித்திருக்கிறோம்.

ஓவியமும் கதையும் வெளிநாடு, நாம் பேசவைத்தோம், அவ்வளவுதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. என் கண்ணில் பட்டவரை, தமிழிலேயே பிறந்த சித்திரக்கதைகளில் பெரும்பாலானவை படத்தை மறைத்தாலும் குறையில்லாமல் ஓடுபவை. தொடர்கதைக்குப் படம் போடும் பத்திரிகைப் பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். கதை முழுதாக எழுதி முடிந்த பிறகு ஓவியரிடம் போகும். முகம் கொடுப்பது அவர் வேலை. மணியம் வரைந்த வந்தியத்தேவனும் கோபுலு வரைந்த தில்லானா மோகனாம்பாளும் அப்படிப் பிறந்த அழியாத முகங்கள். ஓவியர்களுக்குத் திறமை போதாது என்று மட்டும் சொல்ல முடியாது. ஒரு வார்த்தையும் இல்லாமல் அடுத்தடுத்த படங்களால் விகடன் வாசகர்களைச் சிரிக்கவைத்தவரும் அதே கோபுலுதான். படத்தை நம்பாதவர்கள் எழுதுகிறவர்களும் ஆசிரியர்களும்.

நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2011இல் வந்த 'பீமாயணம்' சாட்சி. அம்பேத்கரின் வாழ்க்கையை துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியர்கள் வரைய, ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுதினார்கள். அதில் சாதித் திமிரோடு வரும் விஷப் பேச்சின் பலூனுக்குத் தேளின் கொடுக்கு வால். மென்மையான பேச்சுக்குப் பறவையின் வடிவம். மனத்துக்குள் நினைப்பதற்குக் கண். தண்ணீர் தர மறுக்கும் வசனத்தை வழக்கமான முட்டைவட்டத்துக்குள் போட்டால் அது தகவல். கொடுக்கு முளைத்ததும் அது கொட்டுகிறது. எழுத்துக்கும் படத்துக்கும் நடுவிலிருந்த வேலியே இங்கே இல்லை. ஆனால் எழுத்து சில பக்கங்களில் பாடப்புத்தகமாகிவிடுகிறது. கதையின் ஓட்டத்தில் மாயாவியின் வேகம் இதற்குக் கிடையாது. எழுத்தும் படமும் பிணைந்திருப்பதில் இது மேல். அந்தப் பிணைப்பைக் கதையை நகர்த்தப் பயன்படுத்துவதில் மாயாவி மேல்.

எனக்குப் பின்னது முக்கியம். அதனால் தமிழில் படிக்கக் கிடைத்த காமிக்ஸில் முதலிடத்தை இன்னும் 'இரும்புக்கை மாயாவி'க்கே தருகிறேன். அதில் தமிழ்க் கைகளின் பங்கு பாதிதான். வெற்றிடத்தை வரைந்தவர் பிளாஸ்கோ என்பதும் இந்தத் தீர்ப்பில் சேர்ந்தே இருக்கிறது.