நம்பர் தி ஸ்டார்ஸ் (சிறார் நாவல்)

நம்பர் தி ஸ்டார்ஸ் (1989) அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லோரி எழுதிய சிறார் வரலாற்று நாவல். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த டென்மார்க்கில், யூதத் தோழியைக் காப்பாற்றத் துணைநிற்கும் பத்து வயதுச் சிறுமியின் கதை. 1990-ல் நியூபெரி பதக்கம் பெற்றது. தலைப்பு விவிலியத்தின் 147-ஆம் சங்கீதத்திலிருந்து எடுக்கப்பட்டது.

வரலாற்றுப் பின்னணி

ஜெர்மனி ஏப்ரல் 1940-ல் டென்மார்க்கைக் கைப்பற்றியது. 1943 அக்டோபர் தொடக்கத்தில் யூதர்களைக் கைதுசெய்யத் திட்டமிட்டது. ஜெர்மன் தூதரக அதிகாரி டுக்விட்ஸ் வழியாகச் செய்தி முன்கூட்டியே கசிந்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் மீன்பிடிப் படகுகளில் ஸ்வீடனுக்குத் தப்பினர். பிடிபட்ட ஏறத்தாழ 470 பேர் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டனர்.

கதைச்சுருக்கம்

கோபன்ஹேகனில் வாழும் ஆன்மேரியின் குடும்பம் அவளுடைய தோழி எலன் ரோசனை, இறந்துபோன தங்கள் மூத்த மகள் லீசா என்று சொல்லி வீட்டில் ஒளித்துவைக்கிறது. பின்னர் எலனும் அவள் பெற்றோரும் கடலோர ஊரான கில்லெலையேவுக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். அங்கே ஆன்மேரியின் மாமா ஹென்ரிக் மீனவர். படகு புறப்படவேண்டிய விடியலில், தவறி விழுந்துவிட்ட ஒரு பொட்டலத்தை ஆன்மேரி காட்டுவழியே தனியாகக் கொண்டுசெல்கிறாள். வழியில் படைவீரர்கள் நாய்களுடன் அவளை மறிக்கின்றனர்.

கூறுமுறை

பொட்டலத்தில் இருப்பது ஒரு கைக்குட்டை. நாய்களின் மோப்பத்தை மழுங்கச் செய்யும் மருந்து அதில் தோய்க்கப்பட்டிருக்கிறது. ஆன்மேரிக்கு இது தெரியாது, வாசகருக்கும் தெரியாது. தெரியாமலிருப்பதே அவளைக் காப்பாற்றுகிறது. வீரர்கள் கேட்கும்போது அவளால் உண்மையாகவே ஒன்றும் அறியாத சிறுமியாக நடந்துகொள்ள முடிகிறது.

போரைப் பற்றிக் குழந்தைகளிடம் எவ்வளவு சொல்லலாம் என்பது இவ்வகை நாவல்கள் அனைத்துக்கும் உள்ள சிக்கல். லோரி அதையே கதையின் மையமாக்குகிறார். பெரியவர்கள் குழந்தைகளிடம் சொல்லாமல் விடுவது சில இடங்களில் பாதுகாப்பு, சில இடங்களில் வஞ்சனை. இல்லாத ஒரு பெரிய அத்தை இறந்ததாகச் சவப்பெட்டி வைக்கப்படும்போது, தன்னிடம் பொய் சொல்லப்படுவதை ஆன்மேரி உணர்கிறாள். லீசா தலைமறைவு இயக்கத்தில் இருந்ததால் கொல்லப்பட்டாள் என்ற உண்மை போர் முடிந்த பிறகே அவளுக்குத் தெரிகிறது.

எலனின் நட்சத்திரச் சங்கிலி கதையின் வலுவான படிமம். வீரர்கள் வீட்டுக்குள் நுழையும்போது ஆன்மேரி அதை எலனின் கழுத்திலிருந்து அறுத்துத் தன் உள்ளங்கையில் இறுக்கிக்கொள்கிறாள். நட்சத்திரத்தின் தடம் கையில் பதிகிறது. மற்றவர் அடையாளத்தைச் சுமப்பது எத்தகையது என்பதற்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.

விமர்சனம்

நாவலின் குறை அதன் பார்வைக்கோணத்திலேயே உள்ளது. ஆபத்து எலனுடையது, கதை ஆன்மேரியுடையது. படகேறிய பின் எலன் கதையில் நேரடியாக வருவதில்லை. எல்லாவற்றையும் விட்டுச்செல்லும் குழந்தையின் உள்ளம் தொடப்படாமலே போகிறது.

மீனவர்களின் சித்திரமும் எளிமையானது. உண்மையில் பலர் படகுப் பயணத்துக்குப் பெருந்தொகை வாங்கினர். பிடிபட்டால் படகும் வாழ்வும் போகும் என்ற அச்சமும் பணத்தேவையும் துணிவும் கலந்தே அந்த மீட்பு நிகழ்ந்தது. அந்தக் கலப்பைச் சிறார் வாசகரும் புரிந்துகொள்ள முடியும்.

டென்மார்க் ஒரு விதிவிலக்கு. நாஜிகள் ஆண்ட நாடுகளில் ஏறத்தாழ அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். இந்த நாவலை மட்டும் வாசிக்கும் சிறுவர், அண்டைவீட்டார் எங்கும் கதவைத் திறந்தனர் என்று எண்ணிவிடக்கூடும். எனவே இதனுடன் ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பையும் வாசிப்பது பொருத்தமானது.

இலக்கிய இடம்

கொடூரத்தை நேரடியாகக் காட்டாமல் அச்சத்தை உணரவைத்த நாவல் இது. வீரத்தைப் பெருஞ்செயலாக அல்லாமல், நடுங்கியபடியே ஒரு கூடையைக் கொண்டுசேர்ப்பதாகக் காட்டியது. பத்து வயதுக் குழந்தையால் செய்யக்கூடியதை மட்டுமே கதைத்தலைவி செய்கிறாள் என்பதே இதன் நம்பகத்தன்மைக்குக் காரணம்.